ஜெர்ட்டாவா, பாரிஸ் பையனா?

துடுப்பு72: "ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஆண்களிலேயே பொடியன் ஜெர்மனியின் காக்ஸ் (துடுப்புப் படகில் வலிக்காமல் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பவர்) கிளவுஸ் ஜெர்ட்டாதான்" என்று இங்கே ஒரு மேதாவி நேற்று அடித்துவிட்டிருக்கிறார். 1900 பாரிஸ் ஒலிம்பிக் என்று ஒன்று நடந்ததே தெரியாதா? இரட்டையர் படகில் டச்சு ஜோடி பிராண்ட், கிளைன். அவர்களுடைய காக்ஸ் பிரோக்மன் 60 கிலோ. அவரை இறக்கிவிட்டு 33 கிலோ பிரெஞ்சுப் பையன் ஒருவனை உட்காரவைத்து இறுதிப் போட்டியை ஜெயித்தார்கள். படமே இருக்கிறது. பத்து வயது தேறினால் அதிகம்.

எண்ணெழுத்து: அந்த மேதாவி நான்தான். பையன் பேர் என்ன? பிறந்த தேதி? சொல்லுங்கள், பேசுவோம். ஜெர்ட்டா பிறந்தது 25 நவம்பர் 1946. ரோம் ஒலிம்பிக்கில், ஆல்பானோ ஏரியில் ஜெயித்தது 3 செப்டம்பர் 1960. 13 வயது 283 நாள்.

துடுப்பு72: 33 கிலோ ஐயா, 33 கிலோ! படத்தைப் பாருங்கள்.

எண்ணெழுத்து: எடை வயதாகாது. ஒல்லிப் பையனைப் பார்த்ததே இல்லையா? 283 நாள்.

கரையோரம்: இதென்ன சண்டை? ஜெர்ட்டாவின் படகில் க்னூபலும் ரென்னபெர்க்கும் முதுகொடிய வலித்தார்கள், ஜெர்ட்டா ஓசிச் சவாரி. சுமைக்கெல்லாம் புகழா?

எண்ணெழுத்து: வந்துவிட்டாரய்யா. காக்ஸோடு போகும் இரட்டையர் படகில் பக்கத்துக்கு ஒரே துடுப்பு. ஒருவர் கொஞ்சம் ஓங்கி வலித்தாலும் முனை திரும்பிவிடும். சுக்கானை ஒடித்தால் நேராகும், ஆனால் தண்ணீர் இழுத்து வேகம் போகும். துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போதே சுக்கான் கயிற்றைத் துளி இழுத்து விட்டுவிட வேண்டும். துடுப்பு வெளியே வந்தபின் இழுத்தால் படகு ஒரு பக்கம் சாயும், அடுத்த வீச்சு கெடும். ஜெர்ட்டா படகு எடுத்த நேரம் 7:29.14, இரண்டாவதாக வந்த சோவியத் படகு 7:30.17. அந்த வேகத்துக்கு நாலரை மீட்டர்தான் வித்தியாசம். சவாரியாம்!

துடுப்பு72: பாரிஸில் 7:34.2-க்கு 7:34.4. ஒரு மீட்டர்கூட இல்லை. உங்கள் கணக்குப்படி எங்கள் பையன்தான் பெரிய ஆள்.

எண்ணெழுத்து: அது 27 கிலோ குறைந்ததால் வந்த வெற்றி. இன்றைக்கு காக்ஸ் குறைந்தது 55 கிலோ. பற்றாக்குறைக்குக் கூடவே எடை வைக்கலாம், அதுவும் 15 கிலோ வரைக்கும்தான். உங்கள் பையன் 48-இலேயே நின்றுபோவான்.

துடுப்பு72: இன்றைய விதியை 1900-க்குப் பூட்டுகிறார்! போன மாதம் முனிச் விவகாரத்திலும் இதே வித்தைதான்.

எண்ணெழுத்து: 1972 முனிச் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஜெர்மன் காக்ஸ் ஊவே பென்டருக்கு 16 வயது என்றேன். அது இன்னும் உறுத்துகிறதா?

கரையோரம்: ரோமிலேயே எட்டுப்பேர் படகின் காக்ஸ் வில்லி பாட்கேவுக்கும் 16தான். கார்ல் ஆடம் தயார் செய்த அணி, 5:57.18. ஜெர்மன் காக்ஸ் புகழ் என்றால் எட்டுப்பேர் படகுதான். மார்ட்டின் சவர், 2012 லண்டன் தங்கம், 2017 போஸ்னானில் 5:18.68, அன்றைக்கு உலகிலேயே வேகமான நேரம். இரட்டையர் போட்டி 1992-உடன் ஒலிம்பிக்கிலிருந்தே போயாச்சு.

எண்ணெழுத்து: சவர் எங்கிருந்து வந்தார்? வயதைப் பற்றிப் பேச்சு.

சீன்நதி: 1936 பெர்லினில் டைவிங் தங்கம் வாங்கிய மார்ஜரி கெஸ்ட்ரிங் 13 வயது 268 நாள். ஜெர்ட்டாவைவிடச் சின்னவர்.

எண்ணெழுத்து: அவர் பெண். "ஆண்களிலேயே" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. படிக்காமலே வந்துவிடுகிறார்கள்.

துடுப்பு72: பாரிஸ் பையன் ஆண்தானே? படம்.

எண்ணெழுத்து: படத்தில் பிறந்த தேதி எழுதியிருந்தால் பெரிதாக்கிப் போடுங்கள். 283.

துடுப்பு72: 33 கிலோ.

கரையோரம்: சவர் எங்கிருந்து வந்தாரா? மூன்று ஒலிம்பிக், மூன்று பதக்கம். அதற்கு மட்டும் பதிலே வராது.