கைவிடப்பட்ட கடல் பூங்காவும் நம் ராமநாதபுரக் கரையும்: இங்கே எந்தச் சவாரி பொருந்தும்?

உச்சிப்புளி வாசகன் கேட்டது:

கேளிக்கைப் பூங்காக்களில் வரைபடத்தோடு நின்றுபோன திட்டங்களைத் தேடித்தேடிப் படிப்பவர்களில் நானும் ஒருவன். அவற்றுள் என் மனத்தில் நிலைத்துவிட்டது, டிஸ்னி நிறுவனம் 1990-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் கட்டப்போவதாக அறிவித்த போர்ட் டிஸ்னி என்னும் திட்டம்தான். குயின் மேரி என்ற பழைய பயணிகள் கப்பல் நிறுத்தப்பட்டிருக்கும் கரையை ஒட்டி, டிஸ்னிசீ என்ற பெயரில் கடலையே பொருளாகக் கொண்ட ஒரு பூங்கா, விடுதிகள், உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை என எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தார்கள். நடுவே குமிழி வடிவில் எழும் ஓஷியானா என்ற கூடம். அதனுள் பெரிய நீர்த்தொட்டிகள். ஆய்வாளர்கள் வேலை செய்வதைப் பார்வையாளர்கள் நேரில் காணும் ஆய்வுக்கூடம். கூண்டுக்குள் இருந்தபடி சுறாக்களை அருகில் பார்க்கும் ஏற்பாடு. 1991 முடிவதற்குள் அது கைவிடப்பட்டது.

சென்னைக்கு அருகே திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்துவிட்டது. மதுரைக்குத் தெற்கே அப்படி ஒன்று வருமா என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு லாங் பீச் திட்டமே நினைவுக்கு வருகிறது. வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) என்று இரு கடல்களை இருபுறமும் வைத்துக்கொண்டிருக்கும் மண்டபம், பாம்பன் கரையைவிடக் கடல் பூங்காவுக்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு எது? போர்ட் டிஸ்னி ஏன் விழுந்தது, அதன் சவாரிகளுக்காகச் சிந்தித்தவை வீணாகிவிட்டனவா, நம் கரையில் ஒரு பூங்கா வந்தால் அதில் எந்தச் சவாரி இருக்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கீழக்கரைக்காரன் (வளைகுடா நாட்டில் பூங்காச் சவாரிகளின் பராமரிப்புப் பணியில் இருப்பவன்):

தம்பி, போர்ட் டிஸ்னியை வீழ்த்தியவற்றுள் முதலாவது, அது கடலைத் தூர்த்து உருவாக்க நினைத்த நிலம். ஏறத்தாழ 250 ஏக்கர் கடற்பரப்பை மண்போட்டு மேடாக்கினால்தான் அந்தப் பூங்கா நிற்க முடியும். கலிபோர்னியாவில் 1976-ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம், துறைமுகம் போன்ற கடலையே சார்ந்த தேவைகளுக்கு அன்றி வேறு எதற்கும் கடலைத் தூர்ப்பதை எளிதில் அனுமதிப்பதில்லை. ராட்டினமும் விடுதியும் அந்த வரம்புக்குள் வருவது கடினம். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அமைப்புகளின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அதே காலத்தில் அந்நிறுவனம் அனாஹைம் நகரிலும் தன் பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் வெஸ்ட்காட் என்ற இன்னொரு பூங்காவைத் திட்டமிட்டு, எந்த ஊர் கூடுதலாக இடங்கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அனாஹைமைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வெஸ்ட்காட்டும் செலவு தாங்காமல் கைவிடப்பட்டு, 2001-இல் கலிபோர்னியா அட்வென்சர் என்ற சிறிய பூங்காவாகத்தான் பிறந்தது.

ஆனால் சிந்தித்தவை வீணாகவில்லை. டிஸ்னிசீ என்ற பெயரும் கடலை மையமாக வைத்த எண்ணமும் ஜப்பானுக்குப் போய், 2001 செப்டம்பர் 4 அன்று டோக்கியோ டிஸ்னிசீ ஆகத் திறந்தன. அங்கே எரிமலைக்கு நடுவே இருக்கும் மர்மத் தீவுப் பகுதியில், 1970-களில் டோனி பேக்ஸ்டர் என்ற வடிவமைப்பாளர் கலிபோர்னியாப் பூங்காவுக்காக வரைந்து கட்டப்படாமல் போன டிஸ்கவரி பே திட்டத்தின் சாயலையும் காணலாம். ஜூல் வெர்னின் நாவலில் வரும் கேப்டன் நீமோவும் அவருடைய நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலும் இரண்டிலும் உண்டு. கைவிடப்பட்ட வரைபடம் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் எழுவது இந்தத் தொழிலில் வழக்கமான ஒன்றுதான்.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு டோக்கியோ டிஸ்னிசீயிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்குள்ள கடலடிச் சவாரியில் நாம் ஏறும் சிறு அறை, மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கியபடி ஓர் இருண்ட மண்டபத்துக்குள் நகர்கிறது. அந்த மண்டபத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாளரத்தில் இரண்டு கண்ணாடிகளைப் பொருத்தி, இடையில் உள்ள குறுகிய வெளியில் மட்டும் நீரை நிரப்பி, அதில் காற்றுக் குமிழிகளை மேலே எழவிடுகிறார்கள். குமிழி எழுந்ததும் நாம் இறங்குவதாக உடம்பே நம்பிவிடுகிறது. வெளியே தொங்கும் பாறைகளும் செடிகளும் மீன்களும் உலர்ந்த பொருள்களே. இதற்கு மாறாக, புளோரிடாவில் 1971 முதல் உண்மையான நீருக்குள் ஓடிய நீர்மூழ்கிச் சவாரியைப் பராமரிப்புச் செலவும், ஆட்களை ஏற்றி இறக்கும் தாமதமும் அழுத்தியதால் 1994-இல் மூடிவிட்டார்கள். உப்புநீரில் இரும்பை வைத்துக் காப்பாற்றுவது எத்தனை பெரிய பாடு என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். கடலுக்கடியைக் காட்டக் கடல் தேவையில்லை. தார்ச்சாலையும் மின்சாரமும் உள்ள எந்த ஊரிலும் காட்டலாம்.

தங்கச்சிமடத்துப் பொறியாளர்:

கீழக்கரை அண்ணன் சொல்வதை நான் கட்டுமானக் கோணத்தில் வழிமொழிகிறேன். நம் கரையில் இரும்பு படும் பாட்டுக்குப் பாம்பன் பாலத்தைவிட வேறு சான்று தேவையில்லை. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடற்காற்றைத் தாங்கும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடாமல் நிறுத்தி வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பாம்பனில் அந்த நிலை அடிக்கடி வரும். பாலத்தின் மேல் ஓடும் ரயிலுக்கே அப்படி என்றால், நாற்பது, ஐம்பது மீட்டர் உயரத்தில் மனிதர்களைத் தலைகீழாகச் சுழற்றும் ரோலர் கோஸ்டர் வாடைக்காலத்தில் எத்தனை நாள் ஓடும் என்பதை முதலீடு செய்பவர் முதலில் கேட்பார்.

மணலும் ஒரு சிக்கல். டோக்கியோ டிஸ்னிசீ, அதன் பக்கத்திலுள்ள டோக்கியோ டிஸ்னிலேண்ட் என்ற பூங்காக்கள் இரண்டும் கடலைத் தூர்த்த நிலத்தில்தான் நிற்கின்றன. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது அவை இருக்கும் உரயாசு நகரில் நிலம் குழம்பாகி, வீடுகள் சாய்ந்தன; பூங்காவின் வாகன நிறுத்தத்திலும் சேறு பொங்கியது. ஆனால் பூங்காவின் உட்பகுதிக்கு முன்கூட்டியே மணல் தூண்களை ஆழமாக இறக்கி நிலத்தை இறுக்கியிருந்ததால் சவாரிகள் தப்பின. அப்படி நிலத்தைத் தயாரிக்கும் செலவு சவாரியின் விலையோடு போட்டியிடும். நம் பக்கம் அந்த அளவு நிலநடுக்கம் இல்லை என்றாலும், புயலும் கடல் ஏற்றமும் உண்டு.

எனவே பூங்கா வந்தால் பரமக்குடிக்கும் சத்திரக்குடிக்கும் இடையே, மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் தரிசில் வரட்டும். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் வண்டிகள் அந்த வழியாகத்தான் வருகின்றன. நீர்ச் சறுக்குகளை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கும் மாவட்டம் இது. இங்கே நன்னீரைக் கேளிக்கைக்காகக் குளமாகத் தேக்குவது தகாது. குளிரூட்டிய மண்டபத்துக்குள் ஓடும் இருள் சவாரிக்கு மின்சாரம்தான் வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வைத்திருக்கும் மாவட்டத்துக்கு அது எட்டாத ஒன்று அல்ல.

பாம்பன் தென்கடற்காரி:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தென்கடலில் தொழில் செய்கிறது. அம்மாவும் பெரியம்மாவும் தீவுப் பக்கம் பாசி எடுத்தவர்கள். பூங்கா சத்திரக்குடிப் பக்கம் போகட்டும் என்று பொறியாளர் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த விவாதத்தில் பேச மனம் வந்தது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபின், 21 தீவுகளைச் சுற்றி எங்கள் பெண்கள் காலங்காலமாகப் போய்வந்த இடங்களுக்கே கட்டுப்பாடுகள் வந்தன. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பதற்காக எங்கள் கைகளைக் கட்டிவிட்டு, அதே கரையில் நாளைக்கு ஒரு விடுதிக்கும் ராட்டினத்துக்கும் வழிவிட்டால் அதை எந்த முகத்தோடு நியாயப்படுத்துவார்கள்? பவளப்பாறையும் அலையாத்தியும் உள்ள இடங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் மிகக் கடுமையான பாதுகாப்பை வைத்திருக்கின்றன. வடகடலில் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமும் அறிவிக்கப்பட்டுவிட்டது. கரையில் வள்ளத்தை இழுத்து வைக்கவும் வலையை உலர்த்தவும் எங்களுக்கு இடம் வேண்டும். வேலி போட்ட பூங்கா அந்த இடத்தைத்தான் முதலில் எடுக்கும்.

கடலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். குருசடைத் தீவுக்கும் படகு உண்டு. அந்த வருமானம் ஊருக்குள்ளேயே தங்குகிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர், தனுஷ்கோடிப் புயலை ஒரு சவாரியாகச் செய்யலாம், நாற்காலியை ஆட்டி, நீரைத் தெளித்து, அலை மேலே வருவதைப் போலக் காட்டலாம் என்று ஆரம்பித்துவிடுகிறார். 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய நேரத்தில், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தத் தீவில் இருக்கிறோம். சீட்டு வாங்கி அலறி மகிழ்வதற்கான பொருள் அது அல்ல. எந்தப் பூங்கா எங்கே வந்தாலும் அந்த ஒரு சவாரி மட்டும் வரக்கூடாது.

உச்சிப்புளி வாசகன்:

அக்கா, நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கரையிலிருந்து விலகிய இடம், உலர்ந்த மண்டபம், புயல் வேண்டாம் என்ற வரம்புகளுக்குள் நின்றே கேட்கிறேன்: அந்த இருட்டு மண்டபத்துக்குள் எந்தக் கதையை ஓடவிடலாம்?

கீழக்கரைக்காரன்:

எனக்கு இரண்டு தோன்றுகின்றன. ஒன்று போட் மெயில். 1914-க்குப் பிறகு சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டை வாங்கியவர், தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, துறையில் நின்ற நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு போய்விடலாம். ரயில் பெட்டியைப் போலவே ஒரு சவாரிப் பெட்டி. சாளரத்துக்கு வெளியே வைகைப் பாலம், மானாமதுரை, பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி. பிறகு பெட்டி மெல்ல ஆடத் தொடங்கி, அடியில் கப்பல் தளமாக மாறுகிறது. பெட்டியின் தரையை இருபுறமும் சில பாகை சாய்க்கும் பொறியமைப்பு இருந்தால் போதும். விலை உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. தலைமன்னார் விளக்கு தெரிவதோடு சவாரி முடியட்டும். 1964-க்குள் அது போக வேண்டியதே இல்லை.

இன்னொன்று சங்கு குளிப்பு. என் ஊரிலும் பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கங்களிலும் காற்றுக் குழாய் இல்லாமல், ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கியவர்களின் கதை. நான் முன்பு எழுதிய இரட்டைக் கண்ணாடிச் சாளரம் இதற்கென்றே பிறந்ததைப் போல இருக்கிறது. சவாரியின் நீளத்தையே ஒரு மூச்சின் நீளமாக வைத்துவிடலாம்: இறங்கும்போது ஒலி அடங்கி, மேலே கயிறு பிடித்திருப்பவரின் குரல் தேய்ந்து, அடியில் பவளப்பாறையும் கடற்புல்லும் தெரிந்து, மூச்சு முட்டும் நேரத்தில் கயிறு இழுபட்டு மேலே வர வேண்டும்.

தங்கச்சிமடத்துப் பொறியாளர்:

தனியார் பூங்கா வரும்வரை இதைக் கிடப்பில் போட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த, கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டை வைத்துப் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. அந்தத் தொகையில் பெரிய சவாரியைச் சேர்க்க முடியாது. ஆனால் பத்துப் பேர் அமரும் ஒரே ஓர் ஆடும் அறை, நான்கு இரட்டைக் கண்ணாடிச் சாளரங்கள் என்ற அளவில் சங்கு குளிப்புச் சவாரியைச் செய்ய முடியும். சுற்றுலாத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் நாம் ஒரு முன்மொழிவை அனுப்பலாம். அறையின் வரைபடத்தை நான் வரைகிறேன். சாளரமும் குமிழிக் குழாயும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கீழக்கரை அண்ணன் எழுதித் தரட்டும்.

பாம்பன் தென்கடற்காரி:

அப்படியானால் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒரே நிபந்தனை: சவாரியில் ஒலிக்கும் குரல்கள் எங்கள் கரையின் குரல்களாக இருக்க வேண்டும், சென்னையிலிருந்து யாரையும் வைத்துப் பேசவைக்கக் கூடாது. சங்கு குளித்த பெரியவர்கள் சிலர் பெரியபட்டினத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பேசுகிறேன். காலில் கட்டி இறங்கிய கல், இடுப்பு வலைப்பை, கயிறு ஆகியவை இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இருந்தால், எடை, நீளம், கயிறு எதனால் திரிக்கப்பட்டது என்ற விவரங்களை இங்கேயே எழுதுங்கள். படமும் எடுத்துப் போட்டால் பொறியாளரின் வரைபடத்தோடு அதையும் இணைத்து அனுப்பலாம்.