கண்ணாடியுடனீரில் எதனோல்: பிப்பெற் சிக்கலுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். கொழும்பில் பிரேத மாதிரிகளில் எதனோல் (மதுசாரம்) அளப்பவர்களிடம் ஓர் உதவி.

தொடை நாளக் குருதியோடு கண்ணாடியுடனீரையும் (கண்ணுக்குள் இருக்கும் கூழ்; நுண்ணுயிர்கள் எளிதில் எட்டாத இடம்) ஹெட்ஸ்பேஸ் முறையில், அதாவது மூடிய குப்பியில் மாதிரிக்கு மேல் சேரும் ஆவியை எடுத்து, வாயு நிறப்பகுப்பில் ஓட்டுகிறோம். இந்த வெக்கையில் உடல் ஒரு நாள் வெளியில் கிடந்தாலே நுண்ணுயிர்கள் குளுக்கோசிலிருந்து எதனோல் உண்டாக்கலாம். குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 40 மில்லிகிராம், கண்ணில் ஒன்றுமில்லை என்றால், குடித்த கையோடு இறந்தாலொழிய, அதைக் குடி என்று எழுத மனம் வராது. இறந்தவரின் பெயரும் குடும்பத்தின் காப்புறுதியும் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன.

சிக்கல் இதுதான்: கண்ணாடியுடனீர் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடுகிறது. பிப்பெற் நுனியில் நூலாகத் தொங்கி, ஒரே மாதிரியின் இரு அளவீடுகள் ஒத்துவருவதில்லை. மையநீக்கம் செய்துவிட்டு எடுக்கிறீர்களா, இழுபடுதலைக் குறைக்கும் ஹயலூரோனிடேஸ் நொதியம் சேர்க்கிறீர்களா? பத்து மடங்கு நீர்த்தால் போதுமா?

உள்ளகத் தரம் (ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் பொருள்) மூன்றாம்நிலை பியூட்டனோல். என்-புரொப்பனோல் அழுகலிலும் உண்டாகும். அதைத் தரமாகப் போட்டால் எதனோல் குறைத்துக் காட்டும்.

நுண்ணுயிர்களை அடக்க மாதிரிக் குழாயில் இடும் சோடியம் புளோரைட்டு 1 முதல் 2 வீதம் என்பது நிரம்பிய குழாய்க்குத்தான். அரைக்குழாய் வந்தால் உப்பு கூடி, எதனோலுக்கும் தரத்துக்குமான விகிதம் மாறும். அளவுத்திருத்தக் கரைசல்களிலும் (எதனோல் செறிவு தெரிந்தவை) புளோரைட்டு போடுகிறீர்களா? எவ்வளவு?