சூடானால் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: பம்பா, இன்ஜெக்டரா?

வணக்கம் நண்பர்களே. வண்டி 2012 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் (ஹை பிரஷர் பம்ப் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் டீசலை அழுத்தி வைக்கும், அங்கிருந்து இன்ஜெக்டர்கள் சிலிண்டருக்குள் பீய்ச்சும்). காலையில் கொஞ்சம் இழுத்தாவது ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால் அவ்வளவுதான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. நன்றாக ஆறினால் மறுபடி எடுக்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு அணைகிறது. ஆர்பிஎம் முள்ளும் லேசாகத் துள்ளுவதால், இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் இல்லை. டீசல் ஃபில்டர் புதுசு, டீசல் குழாயில் இருந்த ஏரையும் எடுத்தாயிற்று. சைலன்சரில் துளி புகை இல்லை, அதாவது டீசலே உள்ளே போகவில்லை. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் 120 பாரிலேயே நிற்கிறது. 200க்கு மேல் ஏறினால்தானே இன்ஜெக்டர் வேலை செய்யும்!

மெக்கானிக் ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்கிறார். விலையைக் கேட்டதும் எனக்கே மூச்சு வாங்கியது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக ரிட்டர்னில் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாயில்) ஓடிவிடுகிறதோ என்பது என் சந்தேகம். நாலு ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டுப் பார்க்கப் போகிறேன். செல்ஃப் அடிக்கும்போது அளந்தால் போதுமா, இன்ஜின் ஓடும்போதும் அளக்க வேண்டுமா? நாலும் சமமாக வந்தால், கோளாறு பம்பிலா, ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரிலா என்று எப்படிப் பிரிப்பது?

ஈரோடு, கோவை பக்கம் இன்ஜெக்டரை பெஞ்சில் வைத்து டெஸ்ட் செய்பவர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.