ஸ்டால்: தூக்கிழப்பா, தூக்குச் சரிவா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் விமானவியல் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்டால்' (stall) என்பதற்கு நேரே 'இயக்கம் நிற்றல்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் கார் ஆஃப் ஆகிறதே, அந்த ஸ்டால் வேறு. விமானத்தின் ஸ்டால் இறக்கைக்கு நேர்வது. என்ஜினே இல்லாத கிளைடரும் ஸ்டால் ஆகும்.

இறக்கையின் நாண்கோட்டுக்கும் (முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோடு) எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான தாக்குகோணம் கூடக் கூட, விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசையும் கூடும். சிறு விமானங்களில் 15, 16 பாகையை ஒட்டி அது உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் போனால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சுழல ஆரம்பிக்கும். தூக்குவிசை இறங்கும், பின்னுக்கு இழுக்கும் இழுவை ஏறும். வேகம் குறைந்தால்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் கையேட்டில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தட்டு) இறக்காத நிலைக்கு ஸ்டால் வேகம் 48 நாட் என்று போட்டிருக்கும். அது முழு எடையில், இறக்கை மட்டமாக இருக்கும்போது. 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்க வேண்டும். அந்த 48 ஏறத்தாழ 1.41 மடங்காகி 68ஐ ஒட்டிப் போய்விடும். தரையிறங்குமுன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பம் ஆபத்தானது என்பது இதனால்தான். அங்கே மீள்வதற்கு உயரமும் இருக்காது.

தவறான சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447ஐப் பாருங்கள். ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர்பஸ் 330, 228 பேர். வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களில் பனிப்படிகம் அடைத்து வேகக் காட்டிகள் குழம்பின, விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கி விலகிக்கொண்டது. விமானி மூக்கை மேலே இழுத்தார். விமானம் 38,000 அடிவரை ஏறி ஸ்டாலுக்குள் போய், கடலில் விழும்வரை மீளவில்லை. இரண்டு என்ஜின்களும் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. இந்த விபத்தைப் பற்றி எழுதும்போது 'இயக்கம் நின்றது' என்று போட்டால் நடந்ததற்கு நேர்மாறாகிவிடும்.

என் பரிந்துரை: தூக்கிழப்பு. வினையாக, 'விமானம் தூக்கிழந்தது'.

*

> என் பரிந்துரை: தூக்கிழப்பு.

ஐயா, பழையது போகட்டும். ஆனால் இழப்பு என்றால் தூக்குவிசை சுத்தமாகப் போய்விட்டதாக ஆகாதா? தாக்குகோணத்துக்கு எதிராகத் தூக்குவிசையை வரையும் வளைகோட்டில் உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான் இருக்கிறது, சுழிக்குப் போவதில்லை. 'தூக்குச் சரிவு' என்றால் வளைகோட்டோடு ஒத்துப்போகும்.

இன்னொன்று. பராமரிப்புப் பக்கம் வந்தால் எங்களுக்கு என்ஜினிலும் ஸ்டால் உண்டு. ஜெட் என்ஜினில் காற்றை அழுத்தும் அமுக்கியில் இருக்கும் ஒவ்வொரு அலகும் ஒரு குட்டி இறக்கை. உள்ளே வரும் காற்று குலைந்தாலோ, பறவை அடித்து அலகு வளைந்தாலோ, அலகின் தாக்குகோணம் எல்லை மீறிக் காற்று பிரியும். 'டமார்' என்று வெடிச்சத்தம், சில வேளை பின்னால் தீநாக்கு, வெளியேறும் வாயுவின் வெப்பநிலை ஏறும். முதலில் செய்வது திராட்டிலை (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைப்பது. இதற்கு 'அமுக்கித் தூக்கிழப்பு' என்று எழுதினால் எந்த மெக்கானிக்கும் சிரிப்பார்.

*

> இழப்பு என்றால் தூக்குவிசை சுத்தமாகப் போய்விட்டதாக ஆகாதா?

ஆகாது. எடை இழப்பு என்கிறோம். எடை முழுக்கப் போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இரத்த இழப்பும் அப்படித்தான். 'சரிவு'தான் இங்கே சிக்கல். விமானம் பக்கவாட்டில் சாய்வதையும் சரிந்தது என்போம், உயரம் குறைவதையும் சரிந்தது என்போம். ஸ்டாலிலோ மூக்கு வானத்தைப் பார்த்தபடியே இருக்கலாம். 447 அப்படித்தான் விழுந்தது. 'ஏற்றமிழப்பு' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். மேலேறும்போது மட்டும் வருவது போலத் தொனிப்பதால் அதுவும் வேண்டாம்.

அமுக்கி பற்றிச் சொன்னது சரி. அங்கே பொதுவாக நடப்பது காற்றோட்டம் பிரிவது, ஆகவே 'அமுக்கி ஓட்டப்பிரிவு' என்று வைத்துக்கொள்வோம். கார் பகுதிக்கு 'என்ஜின் அணைதல்' போதும்.

சொல் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்.

'தூக்கிழப்பு எச்சரிக்கை ஊதி இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துளையோடு இணைந்தது. பறக்குமுன் துளையின் மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து உறிஞ்சினால் ஊதி ஒலிக்க வேண்டும். பறக்கும்போது தூக்கிழப்பு வேகத்துக்கு 5 முதல் 10 நாட் முன்பே ஒலிக்கும்.' இது செஸ்னா. பெரிய விமானங்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுத் தண்டே கையில் கிடுகிடுவென்று நடுங்கும்.

'தூக்கிழப்பிலிருந்து மீள: முதலில் தண்டை முன்னால் தள்ளித் தாக்குகோணத்தைக் குறை. திராட்டிலைக் கூட்டு. வேகம் வந்ததும் இறக்கையை மட்டமாக்கி, மெல்ல மூக்கை உயர்த்து.' ஓர் இறக்கை சாய்ந்தால் அதை எய்லரானால் (இறக்கை நுனிப் பக்கம் மேலும் கீழும் அசையும் தட்டு) தூக்கப் போகக் கூடாது. சாய்ந்த இறக்கையின் எய்லரான் கீழே இறங்கும், அந்தப் பக்கத் தாக்குகோணம் இன்னும் கூடும், விமானம் சுழலில் விழும். வாலில் உள்ள ரட்டர் என்ற சுக்கான்தான் அங்கே வேலை செய்யும்.

இந்த வரிசையில் எழுதும்போதுதான் 'இயக்கம் நிற்றல்' எவ்வளவு கெடுதல் என்று தெரிகிறது. அதைப் படித்து வளர்ந்த மாணவனின் கை முதலில் திராட்டிலுக்குத்தான் போகும். போக வேண்டியது தண்டுக்கு.

மாற்றுக்கருத்து இல்லையென்றால் தூக்கிழப்பு, தூக்கிழப்பு வேகம், தூக்கிழப்பு எச்சரிக்கை மூன்றையும் சேர்த்துவிடுகிறேன். வால் உயரத்தில் இருக்கும் விமானங்களில், பிரிந்த காற்று வாலையும் மூடி, தண்டைத் தள்ளியும் மூக்கு இறங்காமல் போகும் வகைக்கு 'ஆழ்தூக்கிழப்பு' என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். அதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.