வான்கோமைசின் ஏறும்போது உடல் சிவந்தால் ‘அலர்ஜி’ என்று எழுதிவிடலாமா?

கேள்வி (எலும்பு மூட்டுப் பிரிவுச் செவிலியர்):
அறுவைப் புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ்) கிருமி வளர்ந்திருந்த நோயாளி ஒருவருக்கு, 1 கிராம் வான்கோமைசின் ஆன்டிபயாடிக்கை 250 மி.லி. சலைனில் கலந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி எல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து கடும் அரிப்பு ஏற்பட்டது. மூச்சுத் திணறல் இல்லை. இரத்த அழுத்தமும் இறங்கவில்லை. மருந்தை நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி பெனிரமின் (ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து) ஊசி போட்டதும் தணிந்துவிட்டது. அடுத்த ஷிப்டில் வந்து பார்த்தால், கேஸ் ஷீட்டின் முகப்பில் ‘வான்கோமைசின் அலர்ஜி’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். இது சரிதானா? உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையான அனாஃபிலாக்சிஸிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

பதில் (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
நீங்கள் விவரிப்பது, இம்மருந்து வேகமாக ஏறும்போது வரும் எதிர்வினையாகவே தெரிகிறது. வான்கோமைசின், ஒவ்வாமைக்குரிய ஐஜிஇ எதிர்ப்பொருளின் துணையில்லாமலேயே மாஸ்ட் செல்கள் எனும் நோயெதிர்ப்பு செல்களை நேரடியாகத் தூண்டி, சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளியேற்றுகிறது. ஆகவே முதல் டோஸிலேயே இது வரக்கூடும். மார்ஃபின் போன்ற வலி நிவாரணிகளும் ஹிஸ்டமினை வெளியேற்றுபவை என்பதால், அறுவை முடிந்து வரும் நோயாளிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏற்றிய வேகத்தை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்றால் 1 கிராமுக்கு 100 நிமிடங்கள் ஆகும். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் அது நிமிடத்திற்கு 50 சொட்டு. வார்டுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ‘ஒரு மணி நேரம்’ என்ற கணக்கில் ஓட்டினால் 83 சொட்டைத் தொட்டுவிடும். நோயாளி கையை மடக்கி நீட்டினாலே சொட்டு வேகம் மாறும் என்பதால், இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் அதில்தான் ஏற்ற வேண்டும்.

பதில் (செவிலியர் கல்லூரி ஆசிரியை):
மேலே உள்ள விளக்கம் சரியே. ஆனால் அதைப் படித்துவிட்டு, சிவப்பைக் கண்டதும் ‘இது வேகத்தால் வந்தது’ என்று யாரும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. சிவத்தல், அரிப்பு, இரத்த அழுத்தம் குறைதல் ஆகியவை இரண்டிலும் வரும். வான்கோமைசினுக்கு உண்மையான அனாஃபிலாக்சிஸும் அரிதாக வருவதுண்டு. வீசிங், மூச்சை உள்ளிழுக்கையில் கரகரப்பு, குரல் மாற்றம், நாக்கு அல்லது உதடு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், சிவப்பே இல்லாவிட்டாலும்கூட, அனாஃபிலாக்சிஸ் என்றே கொண்டு செயல்பட வேண்டும்.

அப்போது பெரியவர்களுக்கு 0.5 மி.கி. அட்ரினலின் தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்பட வேண்டும். முன்னேற்றம் இல்லையெனில் 5 நிமிடத்தில் மறுபடியும். பெனிரமினையும் ஹைட்ரோகார்டிசோனையும் முதலில் போட்டுவிட்டு ‘பார்க்கலாம்’ என்று காத்திருக்கும் பழக்கம் ஆபத்தானது. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடக் கூடாது. கேனுலாவைப் பிடுங்கிவிடாதீர்கள். செட்டை மட்டும் கழற்றி, புதிய செட்டில் சலைனை இணையுங்கள். பழைய குழாயிலேயே சலைனை ஓட்டினால் அதில் தங்கியிருக்கும் மருந்தும் உள்ளே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, மேடம். அப்படியானால் அந்தச் சிவப்பு மை வரியை என்ன செய்வது? அடுத்த டோஸ் கொடுக்கலாமா?

பதில் (மருந்தியல் துறை):
நீங்களாக அடித்துவிடாதீர்கள்; மருத்துவரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். ‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல் நின்றுவிட்டால், எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு முதன்மையாகத் தரப்படும் மருந்தொன்று இவருக்குத் தேவையின்றி மறுக்கப்படும். அதற்குப் பதிலாக டோஸ், கலந்த அளவு, ஏற்றிய வேகம், அறிகுறி தொடங்கிய நேரம், இல்லாத அறிகுறிகள், கொடுத்த சிகிச்சை, தணிந்த நேரம் ஆகியவை பதிவாக வேண்டும். இத்தகைய லேசான எதிர்வினை முற்றிலும் அடங்கியபின், மருத்துவரின் உத்தரவோடு பாதி வேகத்தில் மீண்டும் ஏற்றுவது வழக்கம்.

2010-இல் தொடங்கிய இந்திய ஃபார்மகோவிஜிலன்ஸ் (மருந்துகளின் பாதகமான விளைவுகளைக் கண்காணிக்கும்) திட்டத்திற்கும் இதைத் தெரிவியுங்கள். அதன் தேசிய ஒருங்கிணைப்பு மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம். செவிலியரே படிவத்தை நிரப்பி அனுப்பலாம். மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். கட்டணமில்லா எண் 1800-180-3024.