சுகர் மாத்திரையின் அளவைக் கிராம நர்ஸ் மாற்றலாமா?

வேதாரண்யம்_நர்ஸ்: துணை சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். போன வாரம் நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்குச் சுகர் 380. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, சரி. ஆனால் அளவைக் கூட்ட எனக்கு உரிமை இல்லை. டாக்டரோ ஓபி கூட்டத்தில், போன் எடுக்க முடியாது. அந்த அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறவும் மாட்டார். பயிற்சி பெற்ற நர்ஸுக்கு, எழுதிவைத்த வரம்புக்குள் இந்த உரிமையைச் சட்டம் தரவேண்டும்.

தஞ்சை_டாக்டர்: சிஸ்டர், கோபம் புரிகிறது, ஆனாலும் ஏற்க முடியவில்லை. 380க்குக் காரணம் காலில் புண்ணாக இருக்கலாம், மாத்திரையே சாப்பிடாமல் இருக்கலாம். கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரையின் அளவைக் கூட்டியதால் சுகர் ரொம்ப இறங்கி, கிட்னி பழுதான ஒரு பெரியவரை விடியற்காலையில் மயக்கமாகத் தூக்கி வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து பேசினார், சில மணி நேரத்தில் சுகர் மறுபடி இறங்கியது. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, டாக்டர் அல்லாதவர்களுக்கு வரம்போடு மருந்து எழுத வழி வைத்தபோது நாங்கள் போராடியதும் இதற்காகத்தான்.

வேதாரண்யம்_நர்ஸ்: காலைப் பார்த்தேன் டாக்டர், புண் இல்லை. மாத்திரை அட்டையையும் எண்ணினேன், கணக்கு சரியாக இருந்தது. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட் 10 கிராம், புட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம், முதல் டோஸை நானே போட்டு அனுப்பலாம் என்று 2010 மத்திய அரசு வழிகாட்டியே சொல்கிறதே. அதற்கு நம்பும் கையை மெட்பார்மின் என்ற சாதாரண சுகர் மாத்திரைக்கு நம்பக்கூடாதா?

தஞ்சை_டாக்டர்: அது உயிர் போகிற நேரத்து ஒரே டோஸ், உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். சுகர் வருஷக்கணக்கில் ஓடும்.

திருத்துறைப்பூண்டி_தம்பி: எங்கள் தெருவில் எதுவுமே படிக்காத ஒருவர் மூட்டுவலிக்கு ஊசி போடுகிறார். அப்பாவுக்கு முகம் வீங்கி, சுகர் ஏறி, அப்புறம்தான் அது ஸ்டீராய்டு என்று தெரிந்தது. அவரை யாரும் கேட்பதில்லை. படித்துப் பதிவு செய்த அக்காவைத்தான் சட்டம் கட்டிப்போடுகிறது. 1947 செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் செவிலியர் ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்களே, அதன் கீழாவது நர்ஸ் எதுவரை செய்யலாம் என்று தெளிவாக எழுதட்டும்.

தஞ்சை_டாக்டர்: சரி. மெட்பார்மின் மட்டும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு, அளவை ஒரே ஒரு படி மட்டும் கூட்டுவது, மூன்று நாளுக்குள் டாக்டர் கையெழுத்து என்றால் பேசலாம். கிளிபென்கிளமைடும் இன்சுலினும் கிடையவே கிடையாது.

வேதாரண்யம்_நர்ஸ்: ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கே போய் ரத்தமும் நானே எடுத்து வருகிறேன். ஆனால் அந்த மூன்று நாளில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கொடுங்கள் டாக்டர், இப்போது மெமோ எனக்கு மட்டும்தான் வருகிறது.