கேன் ஹில் லாக்குகளில் படகோடு இறங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுத்த மாதம் நானும் மனைவியும் 68 வயது அப்பாவும் இங்கிலாந்தின் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் நேரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகில் போகிறோம். ஒரு நாள் முழுக்க டிவைசஸ் ஊரின் கேன் ஹில் லாக்குகளுக்கே. லாக் என்றால் இரு முனையிலும் கதவுள்ள தொட்டி; மதகைத் திறந்து தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்குவார்கள். 2 மைலுக்குள் 29 லாக்குகள், 237 அடி இறக்கம். நடுவில் 16 லாக்குகள் நேர்கோட்டில் மாடிப்படி மாதிரி இறங்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு அதே நினைப்புதான்.

என் பயம் இறங்கும்போதுதான். மேல் கதவுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டில் படகின் பின்பக்கம் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் கவிழ்ந்து மூழ்கிவிடும். போன வருடம் வேறொரு கால்வாயில் எங்கள் படகு அதில் உரசிவிட்டது. மனைவி ஓடிப்போய் மதகை மூடியதால் தப்பித்தோம். சுவரில் அந்தத் திட்டின் எல்லையைக் காட்டும் வெள்ளைக்கோட்டை நான் கவனிக்கவில்லை. இந்த முறை அப்பாவும் கூட இருப்பார்.

சரி, என் கேள்விகள். தண்ணீர் வடியும்போது படகை முன்னால் நிறுத்தி வைக்க எஞ்சின் போதுமா, கயிறும் பிடிக்க வேண்டுமா? இங்கே லாக்குகள் அகலமானவை, இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். எங்களோடு சேர்ந்து இறங்க இன்னொரு படகு கிடைக்கக் காலையில் எத்தனை மணிக்குப் போனால் நல்லது? மூன்றே பேர் என்றால் எத்தனை மணி நேரம் ஆகும்? தன்னார்வலர்கள் உதவுவார்கள் என்கிறார்கள், எல்லா நாளும் இருப்பார்களா?

அப்புறம், அப்பாவுக்குத் தோள்வலி. கைப்பிடி சுற்றி மதகு திறக்க ரொம்ப ஆசைப்படுகிறார். ஒன்றிரண்டு லாக்கிலாவது அவரால் முடியுமா?